சாவிக்கு முன் கையெழுத்து

சேமநிதிப் பணத்தில் தாமானில் ஒரு வீடு வாங்கி, வாடகைக்கு விட்டிருக்கும் தோட்டத்துக் குடும்பங்கள் பல. "நம்ம ஆளுதானே, கையெழுத்தை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை!

வாடகை நின்றால் பூட்டை மாற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். தவணை முடிந்த பிறகும் குடியிருப்பவரைக்கூட நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது. நீதிமன்றமோ, முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்காது. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் வரி கட்ட வேண்டும், பிந்தினால் அபராதம். ஓராண்டு ஒப்பந்தத்திற்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. மாதம் 500 வெள்ளி வாடகை என்றால் 24 வெள்ளிதான். கல்யாண மொய்க்கு இதைவிட அதிகம் எழுதுகிறோம்!

குடிவருபவர் இழுத்தடிப்பது பெரும்பாலும் புரியாத பயத்தால்தான். ஒரு வாரம் முன்னதாகவே தாளைக் கொடுங்கள். மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளையை வைத்து, இருதரப்பும் கேட்க வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முன்பணம், கையெழுத்து, பிறகே சாவி. புதுப்பிக்க வேண்டுமானால் தவணை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள்.