பழைய ஒலிப்பதிவே அசல் என்னும் மயக்கம்

பாடுவோர் வாழும் ஊருக்கே கருவியைக் கொண்டுசென்று எடுக்கப்படும் பதிவைக் களப்பதிவு என்பர். அவ்வாறு நூறாண்டுகளுக்கு முன் பதியப்பட்ட பாட்டே அசல் என்றும், ஒலிபெருக்கியும் சினிமா மெட்டும் கலந்துவிட்ட இன்றைய பாட்டு அதன் சிதைவு என்றும் நம்புவோர், நாட்டார் இசையை நேசிப்பவர்களிடையேதான் மிகுதி. நல்லெண்ணத்தில் பிறந்த இந்த நம்பிக்கை வரலாற்றின்படி பிழையானது; இன்று பாடிப் பிழைப்போருக்கு அது பெருந்தீங்கும் செய்கிறது.

முதலில் கருவியின் இயல்பைக் கருத வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்த தம் கள ஆய்வில் போனோகிராஃபையும் பயன்படுத்தினார். குரலைக் கூம்புக் குழல் வழியே வாங்கி, சுழலும் மெழுகு உருளையில் ஊசியால் கீறிப் பதியும் அந்தக் கருவியில் ஓர் உருளை சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். பாடுபவர் குழலின் வாயருகே முகத்தை நீட்டி, நின்ற இடத்தை விட்டு நகராமல், உரத்துப் பாடினால்தான் குரல் பதியும். தோற்கருவிகளின் முழக்கமோ அதில் செம்மையாகப் பதியாது. ஆடியும் கூடியும் விடிய விடியப் பாடப்படும் ஒன்றை அளவெடுக்க வந்த அதிகாரியின் முன் சில நிமிடங்களுக்குள் ஒடுக்கிக் காட்டியதன் சுவடே உருளையில் எஞ்சியிருக்கிறது.

பதிவுக்கு வந்தவரின் நோக்கமும் ஒலியை வடிவமைத்தது. ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட இசைத்தட்டுகளில், மொழிகளை ஒப்பிட வசதியாக, விவிலியத்தின் ஊதாரி மகன் கதையை அவரவர் மொழியில் சொல்லவைத்துப் பதிந்தார்கள். பேசியவர் உள்ளூர்க்காரர்தான் என்றாலும், என்ன பேச வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானித்திருந்தார்.

ஒலிநாடா வந்து நேரத் தடை நீங்கிய பின்னரும் அசல் பிடிபடவில்லை. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் ஈ. சி. இராமசாமி என்னும் கலைஞர் 18 இரவுகள் நிகழ்த்திய அண்ணன்மார் கதை என்னும் நாட்டார் காப்பியத்தை நாடாவில் பதிந்தார். அதே கதையை அதே கலைஞர் சொல்லச் சொல்ல எழுதியும் வாங்கச் செய்தார். ஒரே வாயிலிருந்து வந்த அவ்விரு கதைகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. கூட்டம் எதிரே இருக்கையில் நீளும் இடம் வேறு, எழுதுபவர் எதிரே இருக்கையில் நீளும் இடம் வேறு. இவற்றுள் ஒன்றை மூலம் என்றும் மற்றதைத் திரிபு என்றும் பிரிக்க எந்த நியாயமும் இல்லை.

சென்னையின் மேற்கே ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் வட்டாரத்தில் ஆடி மாதம் கூழ் வார்க்கும் அம்மன் கோயில்களைக் கவனித்தால் இதன் காரணம் விளங்கும். பம்பையும் உடுக்கையும் சிலம்பும் சேர்ந்தொலிக்க அம்மனைப் பாட்டால் போற்றி அழைப்பதை வர்ணிப்பு என்பர். அருள் வந்து ஒருவர் ஆடத் தொடங்கும்வரை அது நீளும். அந்த ஊர் அம்மனின் பெயரும் எல்லைத் தெய்வத்தின் பெயரும் அதில் ஏறும். ஆள் ஆட ஆட அடி விரைவுபடும். முன்கூட்டி அளவிட முடியாத இந்த நீளமும் இடத்துக்கேற்ற மாற்றமுமே அந்தக் கலையின் இலக்கணம். அதில் மூன்று நிமிடத்தை ஒருவர் கைப்பேசியில் பிடித்து வைத்தால், அடுத்த நூற்றாண்டில் அதுவே அசலாகி, அதனின்று விலகிய ஒவ்வொரு கலைஞரும் குற்றவாளி ஆகிவிடக் கூடும்.

அமெரிக்காவிலும் இதே மயக்கம் இருந்தது. வெளியுலகப் பாட்டு தீண்டாத கறுப்பின இசையைத் தேடி, நாட்டார் பாட்டுத் தொகுப்பாளர் ஜான் லோமாக்ஸ் 1933இல் தம் மகன் ஆலனுடன் தென்மாநிலச் சிறைகளுக்குச் சென்றார். லூசியானாவின் அங்கோலா சிறையில் அவர்கள் கண்டெடுத்த பாடகர் லெட் பெல்லியின் புகழ்பெற்ற ‘ஐரீன்’ பாட்டின் வேரோ, கஸ் டேவிஸ் என்னும் கறுப்பினப் பாடலாசிரியர் 1886இல் அச்சிட்டு விற்ற பாட்டில் இருக்கிறது. ஆலன் லோமாக்ஸ் 1941இல் மிசிசிப்பியில் பதிந்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ், இசைத்தட்டுகளைக் கேட்டும் பயின்றவர். திரைப்படக் கௌபாய்ப் பாடகர் ஜீன் ஆட்ரியின் பாட்டுகளும் அவருக்குப் பாடம். கலப்பு நேற்று வந்த நோயன்று. பதிவுக் கருவி ஊருக்குள் நுழைந்தபோதே அது அங்கே இருந்தது.

அப்படியானால் பழைய பதிவுகள் பயனற்றவையா என்று கேட்பவர்களுக்கு நல்ல விடை ஒன்று உண்டு. நெதர்லாந்து இசையறிஞர் ஆர்னல்ட் பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் செய்த பதிவுகளுடன், இசை ஆய்வாளர்களான நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி காட்லினும் 1984இல் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய இடங்களுக்கு மீண்டும் சென்று, அக்கலைகள் எவற்றைக் காத்தன, எவற்றை மாற்றின என்று ஆராய்ந்தார்கள். பழம்பதிவு அங்கே ஒரு நாளின் சான்றாக நின்று, உயிரோடிருப்பவர்களுடன் உரையாடியது.

பதிவுகளை அணுக வேண்டிய முறை அதுவே. பாடியவர் யார், யார் கேட்டுப் பாடினார், எவ்வளவு வெட்டப்பட்டது, அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்னும் விவரங்களுடன் ஒவ்வொரு பதிவும் வெளியிடப்பட வேண்டும். அதன் நகல் பாடியவருடைய வழித்தோன்றல்களின் கைக்குச் சேர வேண்டும். போட்டி மேடைகளிலும் உதவித்தொகைத் தேர்வுகளிலும், மெழுகில் எஞ்சிய ஒலியை அளவுகோலாக நீட்டி இன்றைய கலைஞரைத் தள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். பாட்டின் உரிமை அதைப் பாடிவரும் சமூகத்தினுடையது. எது அசல் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கே உரியது.