பிழைக்கு அஞ்சும் கைகள்

மகிழுந்தின் என்ஜினைத் தானே பராமரிக்க முனைபவனைக் கண்டால் கற்றவர் பலர் நகைக்கின்றனர். “பட்டறையில் செய்யவேண்டிய வேலையைப் படித்தவன் செய்யலாமா? பிழையாகிவிட்டால் யார் பொறுப்பு?” என்று வினவுகின்றனர். அறிவுரைபோல் ஒலிக்கும் இவ்வினாவின் உள்ளே பதுங்கியிருப்பது கைத்தொழிலின்மீது கொண்ட இகழ்ச்சியே.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், கிரியான் ஆற்றங்கரை ஊராகிய நிபோங் திபாலின் வட்டாரத்தில் பைராம் தோட்டம் உள்ளது. இத்தகைய தோட்டங்களில் லாரியும் டிராக்டரும் ஓட்டி, இயந்திரங்களுக்கு எண்ணெயிட்டுக் காத்தவருள் தமிழர் பலர். கண்டும் கேட்டும் தொட்டும் அவர்கள் அத்தொழிலைக் கற்றனர். அவர்களுடைய பேரன் இன்று என்ஜின் எண்ணெய் மாற்றவே நடுங்குகிறான் எனில், இடையில் புகுந்து அவன் கையைக் கட்டியது எது?

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்பதும் பொய். எண்ணெய்த் தொட்டியின் அடைப்பு நட்டை வலிமை காட்டி இறுக்கினால் மரை அழியும். தொட்டி அலுமினியமாயின் விரைவில் அழியும். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணாது அதன்மேல் புதியதைப் பூட்டினால், அழுத்தம் தாங்காமல் எண்ணெய் பீறிடும். எண்ணெயின்றி ஓடும் என்ஜின் சில நிமிடங்களில் இறுகிப்போகும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலோ, சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை உராய்வைத் தடுக்காது.

ஆயினும் இப்பிழைகளுள் பெரும்பாலானவற்றை வண்டி புறப்படுமுன்பே கண்டுகொள்ளலாம். நட்டை முதலில் விரலால் மட்டும் திருகினால் மரை கோணுவது கைக்கே தெரியும். வடிகட்டி அமரும் இடத்தைத் துணியால் துடைத்தால் பழைய வளையம் புலப்படும். அளவுகோலை உருவிப் பார்த்தல் அரை நிமிட வேலை. ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, அடியில் குனிந்து பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். “நட்டை இறுக்கினோமோ, இல்லையோ?” என்று இரவெல்லாம் புரள்வதைவிட, விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வருவது எளிதன்றோ!

1935 அக்டோபர் 30ஆம் நாள் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனையின்போது விழுந்தது. தேர்ந்த விமானிகள் பறக்குமுன் சுக்கான்களின் பூட்டை விடுவிக்க மறந்திருந்தனர். “விமானிகளுக்கு அறிவு போதாது” என்று கூறி எவரும் அமைந்துவிடவில்லை. செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதிவைத்துச் சரிபார்க்கும் பட்டியல் விமானிகளிடையே வேரூன்றியது அதன் பின்னரே. வல்லுநருக்கே பட்டியல் வேண்டியிருக்க, வீட்டு முற்றத்தில் முதன்முறை ஸ்பானர் பிடிப்பவன் அதற்கு நாணுவானேன்?

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப்படிப்பை முடிக்காதவர். தாம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். அவரைப் புகழ்ந்து மேடையில் முழங்குவோர், தம் மகன் ஒரு திருகாணியைக் கழற்றினால் சீறுவது விந்தை!

இச்சீற்றத்தினும் பெருங்கேடு பிறிதொன்று உண்டு. பிழைக்கு வசவு மட்டுமே கிடைக்கும் வீட்டில் பிள்ளை பிழையை மறைக்கக் கற்கிறான். மரையை அழித்தவன் அதன்மேல் நாடாவைச் சுற்றிவிட்டு வாய் திறவாதிருக்கிறான். அந்த வண்டியில்தான் மறுநாள் குடும்பமே பயணம் செய்கிறது. சொல்லியிருந்தால் பட்டறையில் புதுமரை வெட்டிச் சரிசெய்திருக்கலாம். சொல்லாததால் என்ஜினே போகிறது. வகுப்பறையில் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, காரணம் கூறாமல் ஏட்டைத் திருப்பித் தரும் ஆசிரியரும் இதே மறைப்பைத்தான் வளர்க்கிறார்.

தமிழ்ப்பள்ளிகளில் ‘நான் ஒரு மகிழுந்து’ என்று தன்கதை எழுதச் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் பிறந்து, செல்வரிடம் வாழ்ந்து, குப்பைமேட்டில் கண்ணீர் வடிக்கும் அந்த மகிழுந்துக்கு ஒருநாளேனும் எவரும் எண்ணெய் மாற்றியதாகக் கதையில் வருவதில்லை! அக்கண்ணீரை ஓராண்டு நிறுத்திவைக்கலாம். என்ஜின் எண்ணெயை மாற்றும் முறையை, எந்தப் படியில் எப்பிழை நேரும், அதனை எவ்வாறு அறிவது என்ற குறிப்புகளோடு மாணவர் எழுதட்டும். எழுதியதைத் தோட்டத்து லாரி ஓட்டிய தாத்தாவிடம் படித்துக்காட்டித் திருத்தி வரட்டும்.