விண்ணப்பம் போட்டாச்சு... உரக்கடையைத் திறக்கலாமா?

திருவாரூர் மாவட்டத்து வாசகி ஒருவர், கணவருடன் சேர்ந்து கிராமத்தில் சிறிய உரக்கடை நடத்துகிறார். உர லைசென்ஸ் செப்டம்பர் கடைசியில் முடிந்தது. அதற்கு 10 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டார். ஒன்றரை மாதமாகியும் பதில் இல்லை. சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரம். கடைக்குள் யூரியா மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. 'லைசென்ஸ் கைக்கு வராமல் ஒரு மூட்டை விற்றாலும் கேஸ்தான்' என்று பக்கத்து ஊர் வியாபாரி சொன்னதில் பயந்து, ஷட்டரை இறக்கி வைத்திருக்கிறார். திறக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாகத் திறக்கலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன் 11-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. காலக்கெடு முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால், அதிகாரி உத்தரவு போடும் நாள் வரை லைசென்ஸ் செல்லும். அலுவலகத்தில் ஃபைல் தூங்குவதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள், கூடுதல் கட்டணம் கட்டி விண்ணப்பித்தவர்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

அந்த ஒரு மாதத்தையும் விட்டவர்கள் கதை வேறு. லைசென்ஸ் முடிந்த அன்றே காலாவதி ஆகிவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு நடந்த விற்பனை முழுவதும் லைசென்ஸ் இல்லாத வியாபாரம்தான். அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பக்கத்து ஊர்க்காரரின் பயம் இவர்களுக்குத்தான் பொருந்தும்.

ஆனால், ஆய்வுக்கு வருகிறவரிடம் 'அப்பவே கொடுத்துட்டோம்' என்று வாயால் சொல்லிப் பயனில்லை. விண்ணப்பம் கொடுத்த தேதியுள்ள ஒப்புகைச் சீட்டும், கட்டணம் கட்டிய ரசீதும் பழைய லைசென்ஸோடு கடையிலேயே இருக்க வேண்டும். ஒப்புகை வாங்காமல் வந்திருந்தால் நாளைக்கே போய்க் கேட்டு வாங்குவது நல்லது. உரக் கம்பெனி அல்லது மொத்த வியாபாரி தரும் 'ஓ' படிவத்தையும் விண்ணப்பத்தோடு வைத்திருக்க வேண்டும். பல ஃபைல்கள் நகராமல் கிடப்பதே அது இல்லாததால்தான். இன்னொன்று, முடிவதற்கு முந்தைய ஓராண்டில் உரமே விற்காத கடைக்குப் புதுப்பித்துத் தரமாட்டார்கள். அதனால் பழைய பில் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. விண்ணப்பத்தை நிராகரித்து உத்தரவு வந்துவிட்டால், அன்றோடு விற்பனையை நிறுத்திவிட்டு மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும்.

கடிதத்தின் கடைசியில், கணவர்தான் மினி லாரியில் மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்குகிறார், அவருடைய டிரைவிங் லைசென்ஸும் அடுத்த மாதம் முடிகிறது, அதற்கும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறார். இல்லை. முன்பு முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்ற சலுகை இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். விண்ணப்பித்த ரசீது கையில் இருந்தாலும், முடிந்த மறுநாள் வண்டி ஓட்டக் கூடாது. விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் அதுவே போதும். லைசென்ஸ் முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால், டாக்டர் சான்றிதழோடு அவர் இந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலக வேலையை முடித்துவிடலாம். அதற்குள் புது லைசென்ஸ் வராவிட்டால், வரும்வரை லைசென்ஸ் உள்ள வேறொருவர்தான் லாரியை ஓட்ட வேண்டும்.