பழஞ்சில்லும் அதன் மதிப்பும்

சென்னையின் தென்புறத்தே, கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்திற்கும் இடையே அமைந்த ஊர் கோவிலம்பாக்கம். அதன் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், அதற்கு அப்பால் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையும் உள்ளன. இத்தகைய பகுதிகளில் புதிய கணினிகள் வருந்தோறும் பழையவை பழம்பொருட்கடையைச் சென்று சேர்கின்றன. அங்கே எடைக்குத்தான் விலை. கணினியின் மூளையாக இருந்து உழைத்த சிறு சில்லும் தகரத்தோடு தகரமாகத் தராசில் ஏறுகின்றது.

அச்சில்லை வேறு கண்கொண்டு நோக்குவாரும் உலகில் உளர். பழங்காசும் அஞ்சல்தலையும் தொகுப்பார் போல, அவர்கள் பழஞ்சில்லுகளைத் தேடித் தொகுக்கின்றனர். அமெரிக்க நாட்டு இன்டெல் நிறுவனம், ஜப்பானியக் கணக்கிடும் பொறி ஒன்றிற்காக ஆக்கி, 1971ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த 4004 என்னும் சில்லை அவர்கள் பெரிதும் விரும்புவர். அதில் அடங்கிய டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 2,300 மட்டுமே. எனினும், வெண்பீங்கான் உறையும் பொன்முலாமும் கெடாத 4004 ஆயிரம் டாலருக்கு மேலும் விலைபோவதுண்டு. அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த பிற்காலச் சில்லுகளோ கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

கிடைத்தற்கு அரிதாயின் விலை ஏறும். விரும்புவார் குறையின் தாழும். பொன்னின் விலையும் பழஞ்சில்லின் விலையை அசைக்கும். ஆயின், விலையே மதிப்பாகிவிடுமோ? ஆகாது. 1974இல் வெளிவந்த இன்டெல் 8080இன் தொடக்க விலை 360 டாலர். 1975இல் வெளிவந்த 6502இன் விலை 25 டாலரே. மலிவாக இருந்தமையாலேயே 6502 வீட்டுக் கணினிகள் பலவற்றில் இடம்பெற்று, எளியோர் கைக்கும் கணினியைக் கொண்டு சேர்த்தது. பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையால் அது இன்றும் பெருவிலை பெறுவதில்லை. ஆயினும், அது ஆற்றிய தொண்டு சிறிதன்று.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. மொகாலியில் நடுவண் அரசு நிறுவிய சில்லுத் தொழிற்சாலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989இல் நேர்ந்த பெருந்தீ அதனை அழித்தது. எனினும் அது மீண்டும் எழுந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்த சக்தி வகைச் சில்லு ஒன்று 2018இல் அங்கே உருவாயிற்று. தீக்கு முற்பட்ட காலத்து மொகாலிச் சில்லுக்கு அயல்நாட்டார் பெருவிலை தாராதிருக்கலாம். அது கருதி நாமும் அதனைப் பேணாது விடுதல் தகுமோ?

பழஞ்சில்லுகளை எரித்தும் அமிலத்தில் இட்டும் சிறிதளவு பொன்னைப் பிரிப்பாரும் உளர். அதனால் வரலாற்றுச் சான்று அழிவதோடு, காற்றும் நிலமும் நீரும் நஞ்சாகின்றன. ஆதலின், பழைய கணினியை எடைக்குப் போடுமுன் அதன் சில்லை ஆராய்தல் வேண்டும். செய்தவர் யார், செய்த ஆண்டு எது, எப்பொறியில் இருந்தது என்பவற்றைக் குறித்து, அரியவற்றைப் பள்ளியிலேனும் காட்சிக்கு வைத்தல் நன்று. எஞ்சியவற்றை அரசிடம் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். சந்தை விலை நாளுக்கு நாள் மாறும். ஒரு முறை உருக்கி அழித்த சான்றோ எவ்விலை கொடுப்பினும் மீளாது.