போலிக் காசுக்குத் தரகு

ஒருபுறம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும். இப்படியொரு செம்புக் காசு ‘இருநூறு ஆண்டுப் பழமை, அபூர்வம்’ என்ற விளம்பரத்தோடு இணைய ஏலத்தில் ஓயாமல் விற்பனைக்கு வருகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அச்சிட்டதே இல்லை. 1818இல் வங்காளம், பம்பாய், சென்னை என்று மாகாணத்துக்கு ஒரு நாணய முறை இருந்தது. நாடு முழுமைக்கும் பொதுவான நாணயம் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. அந்தச் செம்புக் காசுகளில் இருந்தது கம்பெனியின் சின்னமே தவிர, தெய்வ உருவம் அல்ல. ஆனாலும் இந்தப் பொய் விலை போகிறது, ஏனென்றால் அதற்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் கம்பெனி வெளியிட்ட நட்சத்திர வராகனில் திருமால் உருவம் உண்டு. வெள்ளி அரை வராகனில் கோயில் கோபுரமே உண்டு. ‘கம்பெனிக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடித்தானாம்’ என்று எங்கோ கேள்விப்பட்டவர்தான் அனுமன் காசுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் துணிகிறார்.

இது முரட்டுப் போலி. நாணய நூல் ஒன்றைப் புரட்டினாலே பிடிபட்டுவிடும். வெள்ளி ரூபாய்களில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த 1939ஆம் ஆண்டு ரூபாய் மிகச் சிலவே எஞ்சியிருப்பதால் அதன் விலை லட்சங்களில் பேசப்படுகிறது. 1938ஆம் ஆண்டு ரூபாயோ தாராளமாகக் கிடைக்கிறது. கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிவிட்டால், எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், சரியாக இருக்கும். வெள்ளியும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் சரியாக இருக்கும், ஏனென்றால் காசு அசல், ஆண்டு மட்டுமே பொய். பூதக்கண்ணாடி வைத்து அந்த ஒற்றை எண்ணைச் சுற்றியுள்ள தளத்தில் சுரண்டல் தெரிகிறதா என்று பார்த்தால்தான் குட்டு உடையும். வார்ப்பில் செய்த போலியில் எழுத்தின் முனை மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த தடம் ஓடும். காந்தத்தை வைத்துப் பார் என்பார்கள். வெள்ளி ஒட்டாது என்பது சரி. ஆனால் 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல், அது அசலாக இருந்தால்தான் ஒட்டும். அரைகுறையாகச் சொல்லிவைத்த சோதனையால் நல்ல காசை வீசியவர்களும் இருக்கக்கூடும்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் காசு கையில் இருக்க வேண்டும். இணைய ஏலத்தில் கையில் இருப்பது ஒரு படம். அதிலும் தலை, பூ இரண்டு பக்கமும் இருக்கும். விளிம்பு இருக்காது, எடை இருக்காது. படமே வேறொருவரின் அசல் காசிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். தரச்சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வந்தால் நம்பலாம் என்பதும் இப்போது முழு உண்மையல்ல. உறைகளுக்கே போலி வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. ஆகவே ‘வாங்குபவர் விழிப்போடு இருக்க வேண்டும்’ என்று சொல்லி ஒதுங்குவது, விழித்துப் பார்க்க வழியில்லாத இடத்தில் நிற்பவரிடம் சொல்லும் புத்திமதி. ஒவ்வொரு விற்பனையிலும் தரகு பெறும் ஏலத் தளம்தான் முதல் பொறுப்பாளியாக வேண்டும்.

தளத்தார் சொல்லும் பதில் தெரிந்ததே: நாங்கள் இடைத்தரகர் மட்டும், கோடிக்கணக்கான பொருளில் எது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க வேண்டாம், கேட்கட்டும். குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட எந்த நாணயத்துக்கும் எடை, விட்டம், விளிம்பின் படம் மூன்றும் இல்லாமல் பதிவு ஏறக் கூடாது என்று நிரலில் ஒரு விதி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நகல் நாணயங்களின் விற்பனைக்கு ஈபே 2012இலேயே தடை விதித்தது. தடையை மீறியும் போலிகள் நுழைகின்றன என்பது உண்மைதான். அதற்காக வாசலைத் திறந்தே போடலாம் என்று ஆகாது. இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். 1818 என்று பொறித்த காசை மாதந்தோறும் விற்கும் ஒருவர், காசு அசலென்றால் உரிமம் காட்ட வேண்டும். போலியென்றால் மோசடி வழக்கைச் சந்திக்க வேண்டும். இரண்டில் எது என்று கேட்கும் கடமை தளத்துக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு?

பேராசைப்பட்டவர் ஏமாறட்டுமே என்பாரும் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு லட்ச ரூபாய்க் காசு கிடைக்கும் என்று நம்பியவர்மீது இரக்கம் வராதுதான். ஆனால் அவரோடு சேர்ந்து அடிபடுபவர் நியாய விலைக்கு அசலை விற்கும் சிறு வியாபாரி. போலி பெருகிய சந்தையில் அவர் சரக்கையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அலங்காரத்துக்காக நகல் செய்பவர்கள் பிழைப்பு என்னாகும் என்ற கேள்விக்கு அமெரிக்கா 1973இலேயே விடை கண்டது: நகல் நாணயத்தின் மீதே நகல் என்று அழியாமல் பொறிக்க வேண்டும். 2014இல் செய்த திருத்தம், சட்டத்தை மீறியவருக்கு அறிந்தே துணைநிற்பவரையும் பொறுப்பாளியாக்கியது. நேர்மையான நகல்காரருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

பழைய நாணயம், நோட்டு வாங்கித் தருவதாகத் தன் பெயரையே பயன்படுத்தி மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எச்சரிக்கை மட்டும் போதாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் விற்பவரின் விவரத்தைக் காட்டவும், புகாருக்கு ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் ஏற்கெனவே சொல்கின்றன. அவற்றோடு நாணயத்துக்கென இரண்டு வரிகளை மத்திய அரசு சேர்க்க வேண்டும்: நகலில் நகல் முத்திரை கட்டாயம், போலி என்று நிரூபணமானால், விற்றவர் ஓடிவிட்டாலும் முழுப் பணத்தையும் தளமே திருப்பித் தர வேண்டும்.