பொடியும் பொறுப்பும்

நாள்தோறும் நாம் ஒரு தீக்குச்சியைக் கிழிக்கின்றோம். பண்டிகை நாட்களில் வாணவேடிக்கை கண்டு களிக்கின்றோம். அவ்வொளி எவர் கையினின்று நம்மை வந்தடைந்தது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. தீக்குச்சியாயினும் வாணமாயினும், அது முதலில் ஒரு பிடி பொடியாக ஒருவருடைய உள்ளங்கையில் இருந்தது. அப்பொடியைக் கலப்போர், சலிப்போர், குழாய்களில் அடைப்போர் ஆகியோருடைய உயிர்ப் பாதுகாப்பைக் குறித்துச் சில கருத்துக்களை நமது கலாசாலை மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பொடியென்றால் அச்சத்திற்கு இடமென்ன என்று சிலர் வினவலாம். ஒரு பொருள் கட்டியாக இருக்கும்போது உள்ள இயல்பு வேறு. அதே பொருள் நுண்பொடியாகியபின் உள்ள இயல்பு வேறு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்திற்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டரே. அதனையே ஆயிரத்திலொரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகப் பெருகும். எரிதல் மேற்பரப்பில் நிகழ்வதாதலின், நெருப்புப் பற்றும் வாயிலும் ஆயிரம் மடங்கு பெருகிவிடுகின்றது. நாம் சோறு சமைக்கும் அலுமினியப் பாத்திரம் அடுப்பின்மீது ஆண்டுக்கணக்காக இருந்தும் எரிவதில்லை. அதனைப் பொடியாக்கிக் காற்றிலே தூவி ஒரு பொறியைக் காட்டினால் கண் கூசும் சுவாலையாகிவிடும். உண்ணும் மாவுங்கூட இதற்கு விலக்கன்று. 1878-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்து மாவு ஆலையொன்றில் காற்றிலே மிதந்த மாவுத்தூள் பற்றி வெடித்துப் பதினெண்மர் மாண்டனர். அதன்பின் அவ்வாலை மீண்டும் கட்டப்பட்டபோது, தூசியை உறிஞ்சி அகற்றும் பொறிகள் அமைக்கப்பட்டன. தொழிலாளரைப் பார்த்து, “இனி ஜாக்கிரதையாயிருங்கள்” என்று புத்தி சொல்லியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதை வாசகர் கருத்திற் கொள்வாராக.

மாவுத்தூள் எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். வாண மருந்தோ தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே சுமந்து நிற்பது. வெடியுப்பு, பேரியம் நைட்ரேட், பொட்டாசியம் குளோரேட் முதலிய உப்புக்கள் பிராணவாயுவைக் கொடுப்பன. கரி, கந்தகம், அலுமினியம் முதலியன அதனைக் கொண்டு எரிவன. இவ்விரு வகையும் ஒன்றோடொன்று கலந்தபின், மணலைக் கொட்டினாலும் போர்வையால் மூடினாலும் அத்தீ அடங்காது. குளோரேட்டின் கொடுமையை உலகம் வெகு காலத்திற்கு முன்பே கண்டது. பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரியாகிய பெர்த்தோலே வெடியுப்பிற்குப் பதிலாக அதனைச் சேர்த்துத் துப்பாக்கி மருந்து செய்ய முயன்றபோது, 1788-ம் ஆண்டில் ஆலையிலேயே அது வெடித்து இருவர் உயிர் துறந்தனர். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உராய்வே போதும்; கந்தகத்தில் ஒட்டியிருக்கும் அற்ப அமிலமே அக்கலவையை நிலைகுலையச் செய்யும். இதுபற்றியே 1992-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் பட்டாசுத் தொழிலில் அக்கலவைக்குத் தடை விதித்தது.

நமது நாட்டில் இத்தொழில் நிலைபெற்ற இடம் சிவகாசி என்பதை யாவரும் அறிவர். 1920-களின் தொடக்கத்தில் அவ்வூரினின்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மழை பொய்த்த கரிசற் பூமியில் அது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு அளித்தது; பின்னர் பட்டாசும் அச்சும் அதனோடு சேர்ந்தன. இத்தொழிலைப் பழித்தல் எமது கருத்தன்று. மானாவாரி நிலத்தையே நம்பியிருந்த குடும்பத்திற்கு வாரக்கூலி என்பது எத்துணைப் பெரும் பேறு என்பதை அறியாதார் பேசும் பேச்சு அது. ஆயினும், அதே சோற்றிற்காக உயிரை விலையாகக் கொடுக்கவேண்டுமென்பது எந்த நீதியிலும் சேராது.

விபத்துக்குக் காரணமாகுவன பெரும்பாலும் மூன்று: உராய்வு, ஈரம், மின்பொறி. மருந்தைச் சலிக்கும்போதும், குழாயில் இடிக்கும்போதும், காய்ந்த மணி மருந்தை அள்ளும்போதும் உராய்வு நேர்கின்றது. ஆகவே இரும்புக் கருவியை விலக்கி மரத்தாலும் பித்தளையாலும் ஆனவற்றையே கொள்ளவேண்டும். ஈரம் பட்ட அலுமினியப் பொடி மெல்ல மெல்லச் சூடேறி, எரியும் வாயுவாகிய ஹைட்ரஜனை வெளிவிடும். மாலையில் மீந்த கலவையை மூடிவைத்துச் சென்றால், இரவெல்லாம் சூடேறிக் காலையில் தானே பற்றவுங் கூடும். மின்பொறியோ கண்ணுக்கே புலப்படாதது. உலர்ந்த கோடைக்காலத்தில் செயற்கை நூலாடை உடுத்தியவர் உடலில் மின்சாரம் தங்கும். ஒரு விரல் நுனியினின்று அது பாய்ந்தாற் போதும். பருத்தியாடை உடுத்தலும், வாயிலிலே நிலத்தோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொட்டு உள்ளே செல்லுதலும் இதற்காகவே ஏற்பட்டன.

இவையாவும் விதிகளில் உள்ளன. கலக்கும் அறை வேறாகவும் அடைக்கும் அறை வேறாகவும் இருத்தல், ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமராதிருத்தல், கலந்த மருந்தைச் சிறிது சிறிதாகவே எடுத்துச் செல்லுதல், மீந்ததை அன்றே அழித்துவிடுதல் ஆகிய எல்லாம் நன்கு அறியப்பட்டவை. அவ்வாறிருந்தும் விபத்துக்கள் ஓயவில்லை. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பதிற்கு மேற்பட்டோர் மாண்டனர். முதலில் எழுந்த தீயைக் கண்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அயலாரும் அவர்களுள் இருந்தனர். வாண மருந்தில் பற்றிய தீயை அணைக்கப் புகலாகாது, விலகி ஓடுதலே அறிவு என்னும் ஒரு வார்த்தை அவர்கள் செவியில் முன்னமே விழுந்திருந்தால், மாண்டோர் தொகை குறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஒவ்வொரு விபத்தின் பின்னரும், “தொழிலாளியின் அஜாக்கிரதையே காரணம்” என்று கூறுவாருளர். இக்கூற்றை நாம் ஏற்றற்கில்லை. எண்ணிக்கைக்குக் கூலி பெறுகின்றவன் வேகமாகச் செய்தால் மிகுதியாகப் பெறுவான். நிதானமாகச் செய்தால் குறைவாகப் பெறுவான். தீபாவளி நெருங்க நெருங்க முதலாளியும் விரைவு வேண்டுகின்றார்; வீட்டில் உள்ளாரும் நாலு காசு மிகுதியாக எதிர்பார்க்கின்றனர். கொஞ்சங் கொஞ்சமாக மருந்தை எடுத்துவர நடக்கும் ஒவ்வொரு நடைக்கும் அவன் கூலியில் ஒரு பகுதி போகின்றது. நிதானத்திற்கு அபராதமும் அவசரத்திற்குப் பரிசும் வைத்துவிட்டு, அவன் அவசரப்பட்டான் என்று குற்றஞ்சாட்டுதல் எவ்வாறு பொருந்தும்? அறைகளை உள்குத்தகைக்கு விட்டுவிடுமிடத்து இத்தீங்கு இரட்டிக்கின்றது. உரிமம் ஒருவர் பெயரிலும், லாபம் வேறொருவர் கையிலும், அபாயம் மூன்றாமவர் தலையிலும் நிற்கின்றன.

இவ்விஷயத்தில் தீப்பெட்டியின் பழைய சரித்திரமே நமக்கு நல்லாசிரியன். முற்காலத்தில் தீக்குச்சிகள் வெண்பாஸ்வரத்தால் செய்யப்பட்டன. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகிற்று. பல ஆண்டுகளாக அவர்களுக்குச் சொல்லப்பட்ட மருந்து யாது? கையைக் கழுவுங்கள், பல்லைத் துலக்குங்கள் என்பதே. 1888-ம் ஆண்டு லண்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து உலகத்தின் கண்ணைத் திறந்தனர். செம்பாஸ்வரம் என்னும் தீங்கற்ற வகை 1840-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தும், அதனைக் கொண்டு செய்த குச்சி சற்று விலை உயர்ந்தமையால் அது பரவவில்லை. முடிவில் 1906-ம் ஆண்டு பெர்ன் நகரத்து உடன்படிக்கை வெண்பாஸ்வரத் தீக்குச்சியைத் தடுத்தது. இந்தியாவிலும் 1913-ம் ஆண்டில் அதற்குச் சட்டம் பிறந்தது. கை கழுவச் சொல்லிய புத்திமதியால் நீங்காத நோய், பொருளை மாற்றியதால் நீங்கிற்று.

இன்று நாம் கிழிக்கும் காவல் தீக்குச்சியிலும் ஒரு பெரிய நீதி அடங்கியுள்ளது. குளோரேட் குச்சியின் தலையில் இருக்கின்றது. செம்பாஸ்வரம் பெட்டியின் பக்கத்தில் இருக்கின்றது. வேண்டும்போதன்றி இரண்டும் சந்திப்பதில்லை. கிழிப்பவன் கவலையற்றவனாயினும் அவ்வமைப்பு அவனைக் காக்கின்றது. குச்சியை வாங்குகின்றவனுக்கு அளித்த இப்பாதுகாப்பை, மருந்தைக் கலக்கின்றவனுக்கும் அளித்தல் வேண்டாமா?

ஆகவே எமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, மருந்து கலத்தல், அடைத்தல், உலர்த்தல் ஆகிய வேலைகளில் எண்ணிக்கைக் கூலி அறவே ஒழிந்து நாட்கூலியோ மாதச் சம்பளமோ ஏற்படல் வேண்டும். காகிதம் சுற்றுதல், பெட்டியிலிடுதல் முதலிய அபாயமற்ற வேலைகளில் அது இருப்பினும் இருக்கட்டும். இரண்டாவது, உரிமம் பெற்றவரே தொழில் நடத்தல் வேண்டும். உள்குத்தகை ஒழிதல் வேண்டும். மூன்றாவது, தொழிலாளிக்கு விதியை மட்டுமன்றி அவ்விதியின் காரணத்தையும் கற்பித்தல் வேண்டும்.

இம்மூன்றாவதைச் சிறிது விளக்குவோம். தீக்குச்சித் தொழிற்சாலையில் குளோரேட்டைப் பசையோடு நீரில் குழைத்தே கையாளுகின்றனர். அங்கே ஈரம் நண்பன். பட்டாசுத் தொழிற்சாலையில் அலுமினியப் பொடிக்கு ஈரமே பகைவன். அங்கே பழகிய கை இங்கே வந்து, நல்லெண்ணத்தோடு ஈரத்துணியால் துடைத்தால் அந்நல்லெண்ணமே கேடாய் முடியும். காரணம் அறியாதவன் விதியை ஓரிடத்தில் கைக்கொண்டு மற்றோரிடத்தில் இடறுவான். காரணம் அறிந்தவனோ விதியில் எழுதாத இடத்திலும் தன்னைக் காத்துக்கொள்வான்.

“கூலி முறையை மாற்றினால் விலை ஏறும், போட்டியில் நிற்க முடியாது” என்று முதலாளிகள் ஆட்சேபிக்கலாம். ஒருவர் மட்டும் மாற்றினால் அஃது உண்மையே. எல்லோருக்கும் ஒரே சட்டமாயின் எவர்க்கும் நஷ்டமில்லை. பெர்ன் உடன்படிக்கை பல தேசங்களையும் ஒருசேரக் கட்டியது இக்கருத்துப் பற்றியே. மேலும், மருந்தைத் தொடும் வேலையாட்கள் மொத்தத் தொழிலாளருள் ஒரு பகுதியினரே. அவர்க்கு மிகுதியாகக் கொடுக்கும் கூலி ஒரு கட்டு வாணத்தின் விலையில் பெரிதாய்த் தோன்றாது. தோன்றினும், அக்காசைக் கொடுக்க மறுப்பவன் வாணம் விடுதற்கு உரியவனல்லன்.

இனி, இதற்கும் கலாசாலைக்கும் தொடர்பென்ன? நமது ரஸாயன வகுப்பில் தேறியோர் பலர் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராகவும், பரிசோதகராகவும் அமர்கின்றனர். பொடியின் இயல்பை அவர் அறிவர். ஆனால் அதனை ஆங்கிலச் சொற்களிலேயே அறிவர். எழுத்தறிவு குறைந்த ஒரு தாய்க்கு, “ஏனம்மா இந்தத் துணியை உடுத்தலாகாது?” என்பதை நாலே வாக்கியத்தில் நல்ல தமிழில் விளங்கவுரைக்க அவர்களுள் எத்தனை பேருக்கு இயலும்? அவ்வாற்றல் இல்லாத பட்டம் பாதிப் பட்டமே. மேல்வகுப்பு மாணவர் விடுமுறை நாட்களில் இவ்விஷயங்களைப் படத்தோடு கூடிய சிறு தமிழ்ப் பிரசுரங்களாக எழுதுவாராயின், ஆசிரியர் அவற்றைத் திருத்தி வெளியிடுவாராயின், அது பரீட்சையில் பெறும் எண்களிலும் பெரிய பயனாகும். நமது சொந்தப் பரிசோதனைச் சாலையின் அலமாரியிலும் குளோரேட்டும் கந்தகமும் அருகருகே அமர்ந்திருக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பொடிக்கு நன்மையும் தெரியாது, தீமையும் தெரியாது. தன் இயல்பின்படியே அது நடக்கும். அதன் இயல்பை அறிந்து, அதற்கேற்ற அமைப்பைச் செய்து, அதன் அருகில் இருப்பவனுக்கு நிதானமாயிருக்கும் உரிமையையும் அளித்தல் மனிதர் கடமை. அக்கடமையை அஜாக்கிரதை என்ற ஒரு சொல்லால் இறந்தவன்மேல் சுமத்திவிட்டு நாம் அகலலாகாது. கற்றவர் முதலில் வாய் திறப்பாராக, சட்டம் பின்தொடரும்.