மற்றும் பலர்

2013. நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. ஒருநாள் ரஷ்ய இன்ஜினியர் ஒருவர் வந்தார். மானேஜரே எழுந்துவந்து நாற்காலி போட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் என் சித்தப்பா மகன். ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். கூடங்குளம் அணுஉலை எழும்பும்போது காண்ட்ராக்டில் வேலை பார்த்தவன். மஸ்கட்டில் வேலை அமைந்து, ஏஜெண்டுக்குக் கட்ட டி.டி. எடுத்திருந்தான். அன்று அதை ரத்து செய்ய வந்திருந்தான்.

"பாஸ்போர்ட்டு வராதாம்ணே. கேசு இருக்குன்னு போலீசு எழுதிட்டாவளாம். எந்தக் கேசுலயும் எம்பேரு இல்லியே, பின்ன எப்படிண்ணே?"

பேர் இருக்க வேண்டியதில்லை தோழர்களே. 2011, 2012 போராட்டக் காலத்தில் போட்ட முதல் தகவல் அறிக்கைகளில் சிலருக்குத்தான் பேர் உண்டு. மிச்சம் எல்லாம் 'மற்றும் பலர்'. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம், 124-ஏ. கூடங்குளம், இடிந்தகரை என்று முகவரி எழுதுகிற எவனையும் அந்த 'மற்றும் பலரு'க்குள் தள்ளிவிடலாம்.

அதே அரசு வெளியிலிருந்து வருகிறவனை எப்படி வரவேற்றது? மின்சாரம், எஃகுத் தொழிலுக்கு வருகிற அந்நிய நிபுணர்களுக்கென்றே 2010-இல் புராஜெக்ட் விசா என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. இங்கே வந்த ரஷ்யர்களுக்குச் செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் குடியிருப்பு. ரஷ்யத் தொழிலாளி மேல் எனக்குக் காய்ச்சல் இல்லை. அவனும் பிழைக்க வந்தவன்தான். ஆனால் எல்லா வெளிநாட்டானுக்கும் இந்த மரியாதை கிடையாது. 2012 பிப்ரவரியில் போராட்டத்தோடு தொடர்பு என்று சொல்லி நாகர்கோவிலில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவரை நாடுகடத்தினார்கள். செப்டம்பரில் இடிந்தகரை மக்களைப் பார்க்க வந்த மூன்று ஜப்பானியர்களைச் சென்னை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆக, விசா என்பது திறமைக்கான சான்று அல்ல. நீ யார் பக்கம் நிற்கிறாய் என்பதற்கான சான்று.

இதில் சேரிக்காரன் கதை இன்னும் ஒரு படி கீழே. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்றார்கள். நிலமே இல்லாதவன் எதைக் கொடுப்பான்? நிலம் கொடுத்தவர் பட்டியலில் அவன் இல்லை. வழக்குப் பட்டியலில் மட்டும் 'மற்றும் பலர்'.

ஊரைவிட்டு வெளியேறுவது நமக்கு வெறும் சம்பாத்தியம் அல்ல. சாதியிடமிருந்து தப்புகிற வழி. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கப்பலேறி நியூயார்க் போனதால்தான் அண்ணலுக்குத் தீண்டாமை இல்லாத தெருவில் நடக்கிற அனுபவம் வாய்த்தது. எங்கள் பூட்டன் போனது கண்டிச் சீமைக்கு. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு. தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். நம் காலைக் கட்டுவது எப்போதுமே ஒரு காகிதம்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாடு போவது 21-ஆம் பிரிவு தருகிற உரிமை என்று 1978-இலேயே மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று. 1967 பாஸ்போர்ட் சட்டம் தடுப்பது நீதிமன்றத்தில் நிலுவையிலிருக்கும் குற்ற வழக்கைத்தான். நீதிமன்றம் கோப்பில் எடுக்காத வெறும் எஃப்.ஐ.ஆர். நிலுவை வழக்கு ஆகாது என்று 2019-இல் வெளியுறவு அமைச்சகமே தெளிவுபடுத்தியது. வழக்கு நடந்தாலும், நீதிமன்ற அனுமதி வாங்கி வந்தால் பாஸ்போர்ட் தரலாம் என்கிறது 1993 அறிவிக்கை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், மேல்முறையீடும் உண்டு. வாயால் "வராது" என்று சொல்லுகிறவனிடம் "எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். இதை அன்றைக்கு என் தம்பிக்குச் சொல்லத் தெரியாத பட்டதாரி நான். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்று 2013 மே 6-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. திரும்பப் பெறுவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2021 ஜூனில். நடுவில் எட்டு வருஷம். 2022 மே மாதம் 124-ஏ சட்டத்தையே உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 152 என்று வேறு எண்ணில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் செய்தியை எல்லாம் தம்பியிடம் சொன்னேன். இப்போது திருப்பூரில் இருக்கிறான். "கேசு போயிட்டுன்னு சொல்லுதாவ. சரிண்ணே. போன வயசு வருமா?" என்றான்.

வழக்கை வாங்கினால் மட்டும் போதாது. அந்த வழக்கால் பாஸ்போர்ட் இழந்தவர் யார் யார் என்று அரசு ஊர் ஊராகப் பட்டியல் எடுக்கட்டும். இழந்த வேலைக்கு ஈடு கொடுக்கட்டும். அந்தப் பட்டியலிலாவது 'மற்றும் பலர்' என்று எழுதாமல், ஒவ்வொருவன் பேரையும் எழுதட்டும்.